பி.என்.ஜி. அழுத்தம் பார்க்க விலை குறைந்த டிஜிட்டல் மானோமீட்டர்: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

மாட்டுங்கா மூன்றாம் மாடி

அனைவருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தில் குடியிருக்கிறோம். குழாய் எரிவாயு (பி.என்.ஜி.). மூன்று பர்னர் அடுப்பும், பால்கனியில் மாட்டியிருக்கும் கேஸ் கீசரும் ஒரே மீட்டரிலிருந்துதான் வாயு எடுக்கின்றன.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. காலை ஆறரைக்கு மகன் குளிக்கப் போவான். கீசர் "டப்" என்று பற்றிக்கொண்ட மறுநொடியே இட்லிப் பானைக்கு அடியில் தீ படுத்துவிடும். பர்னரின் ஓட்டைகளோடு ஒட்டிக்கொண்டு, நீல மொட்டுகளாக எரியும். அவன் தண்ணீரை நிறுத்தியதும் தீ மறுபடி எழுந்துகொள்ளும். ஒரு ஈடு இட்லி வேக இருபது நிமிடம் ஆகிறது.

எரிவாயு நிறுவனத்துக்கு இரண்டு முறை புகார் கொடுத்தேன். இரண்டு முறையும் ஆள் வந்தார், கருவியை வைத்தார், 23 மில்லிபார் காட்டியது, "அழுத்தம் சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுப்பு பழுதுபார்க்க வந்தவரோ ஜெட்டின் (பர்னருக்குள் வாயு பாயும் முனை) துளையைப் பெரிதாக்கிவிடலாம், நானூறு ரூபாய் ஆகும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

லாமிங்டன் ரோட்டில் 2,800 ரூபாய்க்கு அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று, டிஜிட்டல் மானோமீட்டர், பார்த்தேன். அளவெல்லை ±2 பி.எஸ்.ஐ., துல்லியம் முழு அளவில் ±0.3 சதவீதம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கு இது போதுமா? ஏ.சி.க்கும் உதவுமா?

அந்தேரி குழாய்க்காரர்

ஐயா, முதலில் ஒன்று. ஜெட்டைத் துளைக்க விடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். துளை பெரிதானால் கீசர் ஓடாத நேரமெல்லாம் வாயு அளவுக்கு மீறி வரும், அதற்கேற்ற காற்று கிடைக்காது. தீ மஞ்சளாகும், பாத்திரம் கரி பிடிக்கும். அதைவிட, கரிப்புகை இருக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடும் இருக்க வாய்ப்புண்டு.

இப்போது என் கேள்வி. அந்த 23 காட்டியபோது பர்னர்கள் எரிந்துகொண்டிருந்தனவா?

மாட்டுங்கா மூன்றாம் மாடி

இல்லை. எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டுத்தான் பார்த்தார். இரண்டு முறையும் அப்படித்தான்.

அந்தேரி குழாய்க்காரர்

அப்படியானால் அந்த 23 எதையும் நிரூபிக்கவில்லை.

பதினேழு வருடமாக எரிவாயுக் குழாய் வேலை செய்கிறேன். தெருவுக்கு அடியில் மஞ்சள் குழாயில் வாயு பொதுவாக 4 பார் வரை வரும். கட்டடத்துக்குள் ஏறும் குழாயில் அது 100 மில்லிபாராகக் குறையும். உங்கள் மீட்டரோடு இருக்கும் சின்ன ரெகுலேட்டர் அதை 21 மில்லிபாராக்கி அடுப்புக்கு அனுப்பும். எல்லாத் திருகும் மூடியிருக்கும்போது ரெகுலேட்டர் 21ஐவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. நகராத வாயு எவ்வளவு மோசமான அடைப்பையும் தாண்டி அழுத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பாதி மூடிய குழாயைத் திறந்தால் வாளி மெதுவாக நிரம்புவதைப் பார்த்திருப்பீர்கள். குழாயைத் திறக்காமலே "தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது" என்றால் என்ன பயன்?

எரியவிட்டு அளக்க வேண்டும். உங்கள் வீட்டில் கீசரையும் சேர்த்து எரியவிட்டு அளக்க வேண்டும். கீசர் ஒன்றே நான்கைந்து பர்னர் இழுக்கும் வாயுவை இழுக்கும்.

தானே இயற்பியல் ஆசிரியை

கருவி போதுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

±2 பி.எஸ்.ஐ. என்பது சுமார் ±13.79 கிலோபாஸ்கல். 0.3 சதவீதம் என்பது நீங்கள் படிக்கும் எண்ணில் 0.3 சதவீதம் அல்ல, முழு அளவில். அதாவது எங்கே படித்தாலும் 41 பாஸ்கல் முன்பின் இருக்கலாம். மில்லிபாரில் 0.4. எரிவாயு 21 மில்லிபார் என்னும்போது 20.6 முதல் 21.4 வரை என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு இது தாராளம்.

ஆனால் ஏ.சி. ஃபில்டரின் இருபுறமும் உள்ள வேறுபாடு 30, 40 பாஸ்கல்தான் இருக்கும். அங்கே இந்தக் கருவியின் பிழையே அளக்கும் பொருளின் அளவுக்கு இருக்கிறது. திரையில் வரும் எண்ணை நம்ப முடியாது. திரை இரண்டு தசமம் காட்டுவதால் கருவிக்கு அந்தத் துல்லியம் வந்துவிடாது. என் மாணவர்களிடம் வருடா வருடம் இதைத்தான் சொல்லி மன்றாடுகிறேன்.

பணம் செலவழிக்கும் முன் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளிபுகும் குழாய் ஒரு மீட்டர், ஒரு பலகை, ஒரு அளவுகோல், கொஞ்சம் தண்ணீர். குழாயை ஆங்கில எழுத்து "யூ" வடிவில் பலகையில் கட்டுங்கள். 21 மில்லிபார் என்பது இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே சுமார் 214 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்றால் 9.8 பாஸ்கல். கண்ணால் ஒரு மில்லிமீட்டரைப் பிரித்தறிய முடியும் என்றால், ஐம்பது ரூபாய்க் குழாய் அந்த 2,800 ரூபாய்க் கருவியைவிட நுட்பமானது. பேட்டரி தீராது, பூஜ்யம் நகராது.

சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு: ரெகுலேட்டரிலிருந்து அடுப்புக்கு வரும் எல்.பி.ஜி. அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் எடை என்பது நம் நாட்டுத் தரநிலை. நீரில் சரியாக 30 சென்டிமீட்டர்.

சயான் புதுவரவு

வணக்கம். என் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. சரியாகக் குளிரவில்லை. அளக்க வருபவர் ஒவ்வொரு முறையும் "கேஸ் குறைந்துவிட்டது" என்று மூவாயிரம் கேட்கிறார். இந்தக் கருவியையே வெளி யூனிட்டின் வால்வில் மாட்டி நானே பார்த்துக்கொள்ளலாமா?

டோம்பிவிலி குளிர்பதனம்

வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம்!

ஆர்-32 வாயு (ஏ.சி.க்குள் சுற்றும் குளிர்பதன வாயு), ஏ.சி. அணைந்து 30 டிகிரியில் சும்மா நிற்கும்போதே 250 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். நீங்கள் மாட்டப் போகும் கருவியின் எல்லை 2 பி.எஸ்.ஐ. உள்ளே இருக்கும் உணரி நொறுங்கும், சிலிக்கான் குழாய் கழன்று பாம்புபோல் துள்ளும். வெளியே வரும் திரவம் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். ஆர்-32 எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பிடிக்கக் கூடியது. இரண்டும் "கேஸ்", இரண்டும் "பிரஷர்" என்பதால் ஒரே கருவி என்று நினைத்துவிடுகிறார்கள். போன வருடம் ஒரு பையன் இப்படிக் கையைப் பழுதாக்கிக்கொண்டதை நேரில் பார்த்தேன்.

உங்களுக்கு வேண்டியது ஒரு சமையலறை வெப்பமானி. ஃபில்டரைக் கழுவிவிட்டு, ஏ.சி.யைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரி வேறுபாடு இருந்தால் வாயு பெரும்பாலும் சரி. இருந்தும் அறை குளிரவில்லை என்றால் மேல்மாடி வெயிலையும் ஜன்னல் இடுக்கையும் பாருங்கள். வாயு மூடிய சுற்றில் ஓடுவது. கசிவு இல்லாமல் குறையாது. "குறைந்துவிட்டது" என்று சொல்பவரிடம் "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

சயான் புதுவரவு

நன்றி அண்ணா. நல்லவேளை கேட்டேன். ஏ.சி. வேலையில் இந்தக் கருவிக்கு இடமே இல்லையா?

டோம்பிவிலி குளிர்பதனம்

இருக்கிறது. ஸ்பிளிட்டில் இல்லை, டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்) போட்ட ஏ.சி.யில். நானே ஒன்று வைத்திருக்கிறேன்.

காட்கோபரில் ஒரு துணிக்கடை. ஏப்ரலில் பொய்க்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிப் புடவைக் கட்டுகளை நனைத்துவிட்டது. மூன்று பேர் வந்து வடிகால் குழாயை ஊதிவிட்டுப் போயிருந்தார்கள். ஊதிய அன்று நிற்கும், மறுநாள் சொட்டும். நான் போய் யூனிட்டின் உறையில் சின்னத் துளை போட்டுக் குழாயைச் செருகினேன். காயிலுக்கும் (குளிர்விக்கும் சுருள்) விசிறிக்கும் நடுவே மைனஸ் 310 பாஸ்கல். வடிகால் தட்டு இருக்கும் இடம் அதுதான். அங்கே காற்று வெளியேயிருந்து உள்ளே இழுபடுகிறது. 310 பாஸ்கல் என்றால் நீரில் 31, 32 மில்லிமீட்டர். வடிகால் குழாயில் நீர் தேங்கி நிற்கும் வளைவோ 20 மில்லிமீட்டர்தான் ஆழம். காற்று அந்த வளைவின் நீரைத் தாண்டிக் குமிழ்விட்டு உள்ளே ஏறுகிறது, தட்டில் தண்ணீர் இறங்க முடியாமல் நிரம்பி வழிகிறது.

ஃபில்டரைக் கழற்றினேன். துணி நூலும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி இருந்தது. கழுவி மாட்டியதும் மைனஸ் 140. வளைவையும் 50 மில்லிமீட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை.

டீச்சர் சொன்ன 41 பாஸ்கல் பிழை இங்கேயும் உண்டு. ஆனால் 310க்கும் 140க்கும் இடையே அது என்னைக் குழப்பவில்லை.

தானே இயற்பியல் ஆசிரியை

அருமையான உதாரணம், அண்ணா. வகுப்பில் சொல்ல எடுத்துக்கொள்கிறேன். சின்ன அழுத்தம் அளக்க வேண்டுமானால் நீர்க்குழாய் கட்டிய பலகையையே சாய்த்து வையுங்கள். பத்துக்கு ஒன்று சாய்வில் ஒரு மில்லிமீட்டர் உயரம் பத்து மில்லிமீட்டர் நீளமாகத் தெரியும். ஒரு பாஸ்கலைக்கூடப் பார்க்கலாம்.

மாட்டுங்கா மூன்றாம் மாடி

கருவி வாங்கிவிட்டேன். (டீச்சரின் நீர்க்குழாயையும் செய்தேன். அது ஒத்துப்பார்க்க.) இப்போது எங்கே மாட்டுவது? மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு தெரிகிறது.

அந்தேரி குழாய்க்காரர்

அதைத் தொடாதீர்கள். மீட்டர், ரெகுலேட்டர், அதன் சோதனை முனை எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் மூடித் திறக்க உரிமையுள்ளது வால்வு மட்டும்தான்.

அடுப்புப் பழுதுபார்ப்பவரை (ஜெட்டைத் துளைக்கச் சொன்னவரை அல்ல, வேறு ஒருவரை) வரச் சொல்லுங்கள். நீங்கள் அதிகம் பயன்படுத்தாத மூன்றாவது பர்னரின் கலவைக் குழாய் ஒரே திருகில் கழன்றுவிடும். உள்ளே ஜெட் தெரியும். அதன் தலையில் சிலிக்கான் குழாயை இறுக்கமாகச் செருகி, மறுமுனையைக் கருவியில் மாட்டச் சொல்லுங்கள். குழாயை மாட்டும் முன் கருவியைப் பூஜ்யமாக்க வேண்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். எந்தத் தீயும் இல்லாத நிலையில் மூன்றாவது பர்னரின் வாயுத் திருகைத் திறந்து, ஜெட்டைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி, குமிழ் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மற்ற பர்னர்களைப் பற்றவைக்க வேண்டும். அந்த ஜெட் வழியாக வாயு வெளியேறாது. அழுத்தத்தை மட்டும் காட்டும். வாயுக் குழாயின் ஒரு இணைப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஒன்றொன்றாகப் பற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணை எழுதுங்கள். கடைசியில் கீசர்.

முலுண்டு இல்லத்தரசி

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் சிலிண்டர். கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது. என் அண்ணன் இதே மாதிரி கருவியால் பார்த்து, 30 மில்லிபார் சரியாக இருக்கிறது, பயமில்லை என்றார். ஆனால் குளித்துவிட்டு வரும்போது மகளுக்குத் தலை வலிக்கிறது என்கிறாள்.

அந்தேரி குழாய்க்காரர்

சகோதரி, இந்த நிமிடமே அந்தக் கீசரை நிறுத்துங்கள். இன்று இரவு யாரும் அதைப் பற்றவைக்க வேண்டாம்.

தானே இயற்பியல் ஆசிரியை

அவர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. மானோமீட்டர் அழுத்தம் ஒன்றைத்தான் அளக்கும். எரிந்த பின் வருவது என்ன என்று அதற்குத் தெரியாது. மூடிய குளியலறையில் கீசர் எரியும்போது ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், தீ முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வாயுவில் கலக்கும் மெர்காப்டன் வாடை கசிவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வாயு எரிந்ததும் அந்த வாடையும் எரிந்துவிடும். இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், பிறகு எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாது. 30 மில்லிபார் சரியாக இருக்கும் வீட்டிலும் இது நடக்கும்.

மகளை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கீசர் விஷயத்தைத் தவறாமல் சொல்லுங்கள்.

முலுண்டு இல்லத்தரசி

சிலிண்டர் வால்வையே மூடிவிட்டேன். கீசரை வெளியே பால்கனிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம். அதுவரை அடுப்பில் வெந்நீர். மருத்துவரிடம் போய்வந்தோம், நன்றாக இருக்கிறாள். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வேன்?

மாட்டுங்கா மூன்றாம் மாடி

கேட்டதும் நிம்மதியாக இருக்கிறது அம்மா.

என் எண்கள் இதோ. ஞாயிறு காலை எடுத்தவை, எல்லாம் மில்லிபாரில்.

எல்லாம் மூடி 23.4. ஒரு பெரிய பர்னர் மட்டும் 21.2. இரண்டு பர்னர்கள் 20.6. கீசரும் சேர்ந்ததும் 13.1. அதுவும் நிலையாக நிற்கவில்லை, 12.6க்கும் 13.5க்கும் இடையே ஆடியது. கீசர் பற்றிய கணத்தில் நீர்க்குழாயில் நிறமூட்டிய தண்ணீர் சரிந்து இறங்கியதைப் பார்க்க வேண்டுமே. என் மனைவி இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே "இதைத்தான் இரண்டு மாதமாகச் சொல்கிறேன்" என்றாள்.

தானே இயற்பியல் ஆசிரியை

ஜெட் வழியாகப் போகும் வாயு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20.6 இலிருந்து 13.1 ஆனால் வாயு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஜெட்டை விட்டுப் பாயும் வேகமும் அதே அளவு குறைவதால் காற்றைச் சேர்த்து இழுக்கும் சக்தியும் குறையும். தீ படுப்பது அதனால்தான்.

அந்தேரி குழாய்க்காரர்

கீசர் ஓடும்போது அடுப்பில் அழுத்தம் விழுகிறது என்றால் தடை இரண்டும் பிரியும் இடத்துக்கு முன்னால் இருக்கிறது. அடுப்பின் ரப்பர் குழாயும் ஜெட்டும் குற்றமற்றவை. மிஞ்சுவது மீட்டர் பக்கத்து வால்வு, குழாய், மீட்டர், ரெகுலேட்டர். வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளையடிப்பவர்கள் கைபட்டுப் பாதி மூடியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் மூன்றாவது புகார் கொடுங்கள். "தீ குறைகிறது" என்று எழுதாதீர்கள். "இரண்டு பர்னரும் கீசரும் எரியும்போது அழுத்தம் 13 மில்லிபார்" என்று எழுதுங்கள்.

சயான் புதுவரவு

இதை வைத்துக் கசிவும் பார்க்கலாமாமே?

மாட்டுங்கா மூன்றாம் மாடி

நானும் பார்த்தேன், பயந்தும் போனேன். மீட்டர் வால்வையும் கீசரையும் பர்னர்களையும் மூடிவிட்டுக் கருவியை மட்டும் விட்டேன். முற்பகல் பதினொரு மணி. 21.0 என்று இருந்தது பத்து நிமிடத்தில் 24.6க்கு ஏறியது! வால்வு உள்ளே கசிகிறதோ?

தானே இயற்பியல் ஆசிரியை

குழாய் வெளிச்சுவர் வழியாக வருகிறதா? வெயில் பட்டதா?

மாட்டுங்கா மூன்றாம் மாடி

ஆமாம். கிழக்குச் சுவர்.

தானே இயற்பியல் ஆசிரியை

பெரும்பாலும் அதுதான். அடைபட்ட வாயு ஒரு டிகிரி சூடானால் அழுத்தம் சுமார் 3.4 மில்லிபார் ஏறும். ஏனென்றால் வளிமண்டலத்தையும் சேர்த்துக் குழாய்க்குள் ஆயிரத்துச் சொச்சம் மில்லிபார் இருக்கிறது, அதில் முந்நூறில் ஒரு பங்கு மாறுகிறது. மேகம் மறைத்தால் அதே அளவு இறங்கும், கசிவு என்று தோன்றும். இரவு பத்து மணிக்கு மேல் பாருங்கள். மூடியபின் சில நிமிடம் நிலைக்கவிட்டு, பிறகு இரண்டு நிமிடம் எண்ணைக் கவனியுங்கள். அப்போதும் ஏறினால் வால்வு உள்ளே விடுகிறது என்று சந்தேகப்படலாம்.

உங்கள் குழாய் எத்தனை மீட்டர்? அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு சுமார் 200 மில்லிலிட்டர் கொள்ளும்.

மாட்டுங்கா மூன்றாம் மாடி

ஆறு மீட்டர் இருக்கும். நேற்று இரவு பத்தே காலுக்குப் பார்த்தேன். 20.8. இரண்டு நிமிடம் கழித்தும் 20.8. ஐந்து நிமிடத்திலும் அசையவில்லை.

தானே இயற்பியல் ஆசிரியை

அப்படியானால் உள்ளே 1.2 லிட்டர் வாயு. அதில் ஒரே ஒரு மில்லிலிட்டர் சொச்சம் கசிந்திருந்தால்கூட ஒரு மில்லிபார் இறங்கியிருக்கும். நிம்மதியாகத் தூங்குங்கள்.

அந்தேரி குழாய்க்காரர்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வாடை வந்தால் கருவியைத் தேடாதீர்கள். வால்வை மூடுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எந்த மின்விளக்குப் பொத்தானையும் தொடாதீர்கள், வெளியே வந்து போன் செய்யுங்கள். சிலிண்டர்காரர்களுக்கு 1906. குழாய் எரிவாயு என்றால் உங்கள் பில்லில் அவசர எண் இருக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். பி.என்.ஜி. இலேசானது, கூரைப் பக்கம் ஏறும். மேல் ஜன்னலையும் திறக்க வேண்டும்.

மாட்டுங்கா மூன்றாம் மாடி

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மூன்றாவது புகாருக்கு வேறு ஒரு இளைஞர் வந்தார். எண்களைக் காட்டியதும் கீசரையும் பர்னர்களையும் அவரே பற்றவைக்கச் சொல்லி, மீட்டரின் வெளிமுனையில் தன் கருவியை வைத்தார். 13.4. அடுப்பில் என் கருவி அதே நேரம் 13.0. "உங்கள் குழாயில் தடையே இல்லை" என்றார். ரெகுலேட்டரின் நுழைவில் பார்த்தார், 97. ஆக வாயு வந்து சேர்கிறது, ரெகுலேட்டர்தான் விடமாட்டேன் என்கிறது. வண்டியிலிருந்து புதியது எடுத்து வந்து அரை மணியில் மாற்றிவிட்டார். பழையதைக் கவிழ்த்தபோது வடிவலையில் துருத்தூள் அப்பியிருந்தது.

இப்போது எண்கள்: மூடி 23.0, ஒரு பர்னர் 21.3, இரண்டு 20.9, கீசரும் சேர்ந்து 20.2.

அந்தேரி குழாய்க்காரர்

அந்த நான்கு எண்களையும் தேதியோடு எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள் ஐயா. அடுத்து வருபவருக்கு உதவும்.

மாட்டுங்கா மூன்றாம் மாடி

ஒட்டிவிட்டேன். இன்று காலை ஆறரைக்குக் கீசர் பற்றியது. அடுப்புப் பக்கம் போய் நின்று பார்த்தேன், தீ அசையவில்லை. இட்லி பத்து நிமிடத்தில் வெந்தது.